கிளி இல்லாத சீட்டுக்கட்டு

மலாக்கா தெங்கேராவில் வந்து இறங்கி "அப்புசாமி லாரி எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். சீனக் கடைக்காரரும் வழி காட்டுவார், மலாய்க்கார மீன் வியாபாரியும் வழி காட்டுவார். மூன்று லாரி, இரண்டு கடைவீடு, ஐந்து பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது மொத்தம் இரண்டு வருஷம். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான். யார் தயவும் இல்லாமல் என் தோளும் என் மூளையும் சம்பாதித்தது இது. இப்படி நான் எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை கோயில் கூட்டத்தில் பேசியிருப்பேனோ எனக்கே நினைவில்லை.

அந்தப் பேச்சில் எல்லாம் இருசம்மாளின் பெயரை நான் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. எழுபதைத் தாண்டியாகிவிட்டது. இனியும் சொல்லாமல் இருந்தால் அது நன்றிகெட்டத்தனம். அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பெரிய மனதோடு திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நான்கில் நானும் என் மனைவி பேச்சாயியும் கப்பலேறி வந்தோம். நியாலாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் வேலை. என் கைவாகு அந்தத் தோட்டத்தில் வேறு ஒருவனுக்கும் கிடையாது. என் உளி பட்ட மரத்தில் காயம் என்று ஒன்றை யாரும் காட்டியதில்லை. துரையே ஒருநாள் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அதனால்தான் சாலை ஓரத்துச் சமநிலத்து நிரை எனக்குக் கிடைத்தது. நிரை என்றால் ஒருவர் வெட்ட வேண்டிய மரவரிசை. எனக்கு அடுத்த நிரை இருசம்மாளுடையது. என்னைவிட நான்கைந்து வயது இளையவள். நான் அவளைத் தங்கச்சி என்பேன். அவள் என்னை அண்ணே என்பாள்.

அவள் புருஷன் ரங்கசாமி வாரநாளில் புல்வெட்டு, ஞாயிற்றுக்கிழமையில் கிளி ஜோசியம். கூண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜாசின் வரை நடப்பான். ஊரிலிருந்து இருபத்தேழு சாமிப்படச் சீட்டு கொண்டுவந்திருந்தான். இந்த நாட்டு ஈரமும் கரையானும் சாமியென்று பார்க்குமா? மூன்றே வருஷத்தில் பாதிச் சீட்டு போய்விட்டது. ரங்கசாமி அசரவில்லை. மலாக்காவில் ஜவுளிக்கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் கெஞ்சி, துணிக்கட்டின்மேல் ஒட்டிவரும் வண்ணப்படங்களை வாங்கிவந்தான். தீப்பெட்டிப் படத்தையும் கிழித்தான். எல்லாவற்றையும் அட்டையில் ஒட்டிக் கட்டோடு சேர்த்துவிட்டான். அப்புறம் பார்த்தால் முருகனுக்குப் பக்கத்தில் கோழி, காளியம்மனுக்கு அடுத்து ஒரு பூட்டு, பிறகு குடை, ஏணி, படகு.

"என்னா ரங்கசாமி, கோழி வந்தா என்னா பலன் சொல்லுவ?" என்று கேட்டால் சிரிப்பான்.

"குழம்பு வைக்கலாம்னு சொல்லுவேன். கேட்டவனுக்குச் சந்தோசம்தானே!"

இருபத்தெட்டில் காய்ச்சல் வந்து அவன் போய்ச் சேர்ந்தான். பலன் சொல்லும் பாட்டெல்லாம் அவன் வாயில் இருந்தது. அவனோடு அதுவும் போயிற்று. இருசம்மாள் கிளிக்குச் சிறகு நறுக்குவதை விட்டுவிட்டாள். இரண்டு மாதத்தில் சிறகு முளைத்தது, அதுவும் போயிற்று. அவளுக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. பாட்டும் இல்லாமல், கிளியும் இல்லாமல் படம் மட்டும் கையில் மிஞ்சியது.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு சும்மா நேரம் உண்டு. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு வரிசைக்கு நின்று, பெயர் கொடுத்து, முந்நூறு மரத்துக்கு மேல் வெட்டி முடித்துவிட்டால், பால் சொட்டி மரத்தில் மாட்டிய மங்கு நிறைகிறவரைக்கும் கையில் வேலை இல்லை. வெற்றிலை போடுகிறவர்கள் போடுவார்கள். தூங்குகிறவர்கள் மரத்தில் சாய்ந்து தூங்குவார்கள். இருசம்மாள் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, மடியிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்துக் கண்ணை மூடிக் கலைத்து, ஒன்றே ஒன்றை உருவுவாள். பால் சொட்டி முடிகிறவரை அந்த ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் சும்மா இருப்பேனா?

"என்னா தங்கச்சி, கிளி வேலைய நீயே பாக்கறியா?"

"கிளி எடுத்துக் குடுத்துட்டு நெல்லத் தின்னும். நான் எடுத்துட்டு என்னையவே தின்னுறேன். அவ்ளோதாண்ணே வித்தியாசம்."

ஒருநாள் அவளாகவே சொன்னாள். புருஷன் செத்த மறுமாதம் கட்டைத் தூக்கி அடுப்பில் போடத்தான் எடுத்தாளாம். கைதவறி ஒரு சீட்டு விழுந்திருக்கிறது. பூட்டுப் படம். "அதையே பாத்துக்கிட்டு இருந்தேண்ணே. அவரு போன நாள்லருந்து நான் யாருகிட்டயும் வாய் தொறந்து பேசலன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. எந்திரிச்சுப் போயி அடுத்த வீட்டுக் கதவத் தட்டி ஓன்னு அழுதேன்."

பெண்கள் இவளிடம் சீட்டு எடுக்க வருவார்கள். "எம் புருசன் கள்ள எப்ப விடுவான்?" என்று கேட்பார்கள். இவளோ, "அது எனக்கென்னா தெரியும்? நீ படத்தப் பாரு. மொதல்ல எது கண்ணுல பட்டுச்சு? அதச் சொல்லு" என்பாள். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். "இதுக்கு எங்க வூட்டுச் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்" என்று ஒருத்தி கத்தியதை நானே கேட்டேன். இன்னும் சிலர் படத்தைப் பார்த்தபடியே எதையோ சொல்ல ஆரம்பித்து, பால் சொட்டி முடியும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். இவள் கூலியென்று ஒன்றும் வாங்கமாட்டாள். இதெல்லாம் வேலையற்ற வேலை என்று நான் நினைத்தேன்.

முப்பத்தொன்றாம் வருஷம் வந்தது. ரப்பர் விலை விழுந்த வீழ்ச்சியில் தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்தார்கள். எங்கள் தோட்டத்திலும் பெரட்டில் வைத்துச் சொன்னார்கள்: பாதிப் பேருக்குத்தான் வேலை. ஊருக்குப் போகிறவர்களுக்குக் கப்பல் சும்மா. போகிறவர்கள் சனிக்கிழமைக்குள் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் பெயர் கொடுக்க வேண்டும்.

என்னை நீக்கவில்லை. என்னைப்போல வெட்டுகிறவனை யார் நீக்குவார்கள்? ஆனால் வீரமுத்துக் கங்காணி என் நிரையை எடுத்துத் தன் மச்சானுக்குக் கொடுத்துவிட்டான். என்னை மலைமேல் நிரைக்கு ஏற்றினான். அங்கே ஒவ்வொரு மரத்துக்கும் ஏறி இறங்க வேண்டும். கஷ்டம்கூடப் பரவாயில்லை. அத்தனை பேர் முன்னால் அவன் என் பெயரைச் சொல்லி, "மலைக்குப் போ" என்று விரலை நீட்டினான் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "கப்பலேறிப் போய்விடுகிறேன், இவனும் இவன் தோட்டமும்" என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவாகிவிட்டது.

வீட்டில் பேச்சாயிக்கு அப்போது ஆறாம் மாதம்.

தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். இருபத்து நான்கில் நாங்கள் கப்பலேறியபோது இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். பதினோரு மாதத்து ஆண்பிள்ளை. நான்காம் நாள் கப்பலில் ஜுரம் கண்டது. ஆறாம் நாள் துணியில் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். கரை இறங்கிய பிறகு நானும் அவளும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அதற்கப்புறம் ஏழு வருஷம் வயிறு திறக்கவில்லை. இப்போதுதான் திறந்திருக்கிறது. இந்த வயிற்றோடு அவளை அதே கடலில், அதே கப்பல் தட்டில் படுக்க வைத்துக் கூட்டிப்போகிறோமே என்று எனக்குத் தோன்றவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கங்காணியின் விரல்தான்.

ஆனாலும் மனதில் எங்கோ ஒரு முள். வெள்ளிக்கிழமை பால் சொட்டும் நேரத்தில் மலையிலிருந்து இறங்கி இருசம்மாளிடம் வந்தேன்.

"தங்கச்சி, எனக்கு ஒரு சீட்டு எடு. கப்பல் ஏறலாமா வேணாமா, அதுதான் கேள்வி."

"நான் எடுக்கமாட்டேன். நீயே எடு. கேள்வியும் நீயே வச்சுக்க."

எடுத்தேன். படகு!

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. இருபத்தேழு சீட்டில் வேறு எதுவும் வராமல் படகு வருகிறதென்றால் அது சாமி உத்தரவு இல்லாமல் வேறென்ன?

"பாத்தியா! கப்பல்! கேட்ட ஒடனே வந்துருச்சு பாத்தியா!"

"உக்காருண்ணே. நீ இன்னும் படத்தையே பாக்கல."

"பாத்துட்டேன் லா! கண்ணு இல்லியா எனக்கு?"

உட்காராமலே ஓடினேன். பால் நிறுத்துக் கொடுத்த கையோடு கிராணியிடம் பெயரும் கொடுத்தேன். என் பெயர், பேச்சாயி பெயர். கூலிக்காரர் வீட்டு வரிசையான லயத்தில் எதிர்ப்பட்ட எல்லாரிடமும் சாமி உத்தரவு என்று சொன்னேன். பேச்சாயியிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் "ம்" என்றாள். நானும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. மலையில் வெட்டி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன், கீழேயிருந்து இருசம்மாள் ஏறி வருகிறாள். அவள் நிரையை விட்டு அவ்வளவு தூரம் வந்தால் திரும்புவதற்குள் பால் உறைய ஆரம்பித்துவிடும். கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவான். அவளுக்கும் வேலை போகிற நேரம்தான் அது. தெரிந்தேதான் வந்தாள். கையில் அந்தச் சீட்டு.

"நேத்து நீ பாதிப் படத்தோட ஓடிட்ட. மீதியப் பாரு."

"பேரு குடுத்தாச்சு தங்கச்சி. சும்மா சுசா பண்ணாத, தொந்தரவு குடுக்காத."

"பேரு குடுத்தது ஒன் வாயி. கண்ணு இன்னும் குடுக்கல. பாத்துட்டு அப்பறம் போ. நானா தடுக்கிறேன்?"

மலையேறி வந்தவளை விரட்ட மனம் வரவில்லை. சீட்டை வாங்கினேன்.

"என்னா தெரியுது?"

"படகு."

"படகுல?"

"ஓட்டுறவன். மீசைய முறுக்கி, நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிறான். கைய பாரு, இரும்பு மாதிரி." எனக்கு அவனைப் பிடித்திருந்தது.

"அவன் எங்க பாக்கறான்?"

"முன்னாலதான். வேற எங்க பாப்பான்?"

"அவன் மட்டுந்தானா?"

"ஒரு பொம்பள ஒக்காந்திருக்கா."

"அவ எங்க பாக்கறா?"

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். அவள் முன்னால் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை படகுப் பலகையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை மடியில், எதையோ ஏந்திக்கொண்டிருப்பதுபோல். மடியில் ஒன்றும் இல்லை. துணிக்கட்டு விற்க எவனோ போட்ட படம் அது. அவன் என்னத்தை நினைத்துப் போட்டானோ. நான் பார்த்தது வேறு. ஆறாம் நாளிலிருந்து கரை இறங்குகிறவரைக்கும் பேச்சாயி கப்பல் தட்டில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையை அவள் இறக்கவேயில்லை. அன்றைக்கும் நான் முன்னால்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருசம்மாளுக்கு எங்கள் பிள்ளை விஷயம் தெரிந்திருக்க வழியே இல்லை. என்ன கண்டாய் என்றுகூட அவள் கேட்கவில்லை.

"எம் பாலு ஒறஞ்சிரும்ணே" என்று திரும்பினாள். சீட்டை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்தேன். பேச்சாயி வாசலில் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே குந்தினேன்.

"கப்பலேற ஒனக்குச் சம்மதமா?"

கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேரக் குடுத்துட்டு வந்து கேக்கறீங்க."

"இப்பவாச்சும் கேக்கறேன்ல."

நாலைந்து தண்டு ஒடிந்தது. பிறகு சொன்னாள்: "நான் ஏறமாட்டேன். நீங்க போறதுன்னா போங்க. அந்தத் தண்ணிக்கு ஒண்ணக் குடுத்தது போதும்."

ஏழு வருஷத்தில் முதல் தடவை அவள் வாயில் அது வந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சக் கீரையை ஆய்ந்தேன். ஆய்ந்தது பாதி, அழுதது பாதி. இதை எந்தக் கல்யாண வீட்டிலும் நான் சொன்னதில்லை.

அன்றைக்கே ஆபீஸுக்குப் போனேன். மலையில் வெட்டுவதைவிட அந்த நடைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கிராணி மேஜைக்குப் பக்கத்தில் வீரமுத்துக் கங்காணி நின்றுகொண்டிருந்தான். பெயர் கொடுக்க வந்த ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள்.

"கிராணி ஐயா, கப்பல் லிஸ்டுல எங்க பேர அடிச்சிருங்க."

கங்காணி இளித்தான். "என்னா அப்புசாமி, சாமி உத்தரவு ஒரே நாள்ல மாறிப்போச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். பழைய அப்புசாமியாக இருந்தால் அங்கேயே கைகலப்பு ஆகியிருக்கும். எனக்கு அந்தப் படகுக்காரனின் நெஞ்சும் மீசையும் ஞாபகம் வந்தது.

"சாமி சரியாத்தான் சொல்லுச்சு கங்காணி. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

'நான்தான் தப்பு' என்று என் வாய் சொன்னது அதுவே முதல் தடவை. சிரிப்பு நின்றுவிட்டது. கிராணி பெயரை அடித்தார். ஆனால் வேலைக்கணக்கில் ஏற்கெனவே எங்கள் பெயரை எடுத்தாகிவிட்டது, மாதக் கடைசியில் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். கப்பலும் இல்லை, தோட்டமும் இல்லை. அவசரப்பட்டவனுக்கு அந்த அளவுக்காவது வலிக்க வேண்டாமா?

நாங்கள் மூட்டை கட்டிப் புறப்பட்ட அன்று இருசம்மாள் சாலைவரை வந்தாள். மாட்டுவண்டியில் பேச்சாயியை ஏற்றிவிட்டு, மடியிலிருந்து அந்தப் படகுச் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ஐயோ, கட்டுல ஒண்ணு கொறஞ்சா வீணாப் போயிராதா?"

"கிளி இருந்தா தேடும். எனக்கு இருபத்தாறு பத்தாதா?"

வண்டி நகர்ந்த பிறகு பேச்சாயி அதை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "எது தெரியுது?" என்று நானே கேட்டேன்.

"ஓட்டுறவன் ரொம்பக் களச்சுப் போயிருக்கான்" என்றாள்.

மீசையையும் நெஞ்சையும் பார்த்த எனக்கு அது தெரியவில்லையே! எட்டிப் பார்த்தேன். உண்மைதான், கண்ணுக்குக் கீழே கருப்பு. அச்சு மை பரவியதோ என்னவோ. எனக்கு அன்றைக்குச் சுமை இறங்கியதுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். தெங்கேராவில் தவுக்கே ஒருவரின் கிடங்கில் மூட்டை தூக்கினேன். வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறையில், கடலில் இல்லாமல் கால் தரையில் பட, பேச்சாயிக்குப் பிரசவம் ஆயிற்று. பெண்பிள்ளை. ஜெயமணி என்று பெயர் வைத்தோம். பிறகு சொந்தமாக ஒரு மாட்டுவண்டி. அப்புறம் இரண்டு. கோலா சுங்கை பாருவிலிருந்து கருவாட்டு மூட்டையை என்னைவிட வேகமாக மலாக்காவுக்குக் கொண்டுவந்தவன் அந்த நாளில் யாரும் கிடையாது. இதை நான் அடித்துச் சொல்லுவேன். முப்பத்தேழில் ஒரு பழைய லாரி வாங்கினேன். வாங்கிய வாரமே அதை நியாலாஸுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். இருசம்மாளிடம் காட்டத்தான். கங்காணி பார்க்கட்டும் என்றும் ஒரு பக்கம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அவளுக்குத் தோட்டத்தில் பிள்ளைக் கொட்டகையில் ஆயா வேலை கொடுத்திருந்தார்கள். தாய்மார் மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. சீட்டெல்லாம் பிள்ளைகள் கையில். கோழியை ஒரு பயல் கடித்துக்கொண்டிருந்தான்.

"சீட்டு இருக்காண்ணே?"

"இருக்கு."

"எடுத்துப் பாக்கறியா?"

"கோவம் வர்ற அன்னிக்கு மட்டும்."

"அப்பத் தெனமும்னு சொல்லு!"

ஜெயமணியை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் முன்னால் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தாள். ஒரு கையால் பலகையைப் பிடித்திருந்தாள். நான் எப்படியோ வார்த்தையைக் கூட்டினேன். "தங்கச்சி, அன்னிக்கு நீ மட்டும் மலையேறி வரலேன்னா..."

"ஏறி வந்தது நான். பாத்தது நீ. ரோட்டப் பாத்து ஓட்டுண்ணே, புள்ள இருக்கு" என்று முடித்துவிட்டாள்.

முப்பத்தொன்பதில் அவள் போய்ச் சேர்ந்தாள். தூக்கியவர்களில் நானும் ஒருவன். வீரமுத்துக் கங்காணியும் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். அந்த ஆபீஸ் நாளுக்குப் பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

எனக்கு இருப்பது அந்த ஒரே சீட்டு. கலைக்கவும் முடியாது, உருவவும் முடியாது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். போன வாரம் மூத்த மகனோடு லாரி விஷயமாகப் பெரிய சண்டை. கத்திவிட்டு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தேன். படகு தெரிந்தது, ஆள் தெரிந்தான், அவள் தெரிந்தாள். அப்புறம் பார்த்தால், கரையில் தென்னைக்குக் கீழே ஒரு குடிசை. அதன் கூரையில் நூல்போல ஒரு புகை. இத்தனை வருஷம் நான் பார்க்காத புகை! பேச்சாயியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கிட்டே வந்து பார்த்துவிட்டு, "அது எப்பவும் இருக்கே. வாங்க, பெரியவன் சாப்பிடாம ஒங்களுக்காக உக்காந்திருக்கான்" என்றாள்.

எழுந்து போனேன்.